பறவை நோக்கரின் குறிப்பேடும் அரசின் கோப்பும்

தில்லிப் பறவை நோக்கர் சங்கம் 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. காந்தியடிகளின் நண்பராக விளங்கிய ஆங்கிலேயர் ஹோரஸ் அலெக்சாண்டரும், விடுதலைக்குப் பின்னரும் இந்தியத் தரைப்படையின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றிய ஹெரால்டு வில்லியம்ஸும் அதன் தோற்றத்திற்குக் காரணமாயினர். பறவையியலைப் பிழைப்பாகக் கொண்டவர் அதில் மிகச் சிலரே. படை அலுவலர், தூதரகப் பணியாளர், செய்தியாளர், இல்லத்தரசியர் எனப் பலரும் விடுமுறை நாட்களில் கூடி யமுனைக் கரைக்கும் ஏரிகளுக்கும் சென்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வந்தனர். இந்திரா காந்தியும் அச்சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர்களுள் ஒருவர் என்பது பலரும் அறியாத செய்தி.

திட்டங்களைப் பற்றிய உரைகளில் இத்தகைய சங்கங்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. அவை பாலம் கட்டுவதில்லை, வேலைவாய்ப்பு அளிப்பதில்லை, ஆண்டறிக்கையில் காட்டத்தக்க செலவினமும் அவற்றிற்கு இல்லை. எனினும், ஒரு வட்டாரத்தின் நீர்நிலைகள் முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்நிலையில் இருந்தன என்று அரசு அறிய விரும்பும்போது, பல இடங்களில் அதற்குரிய சான்று இத்தகைய சங்கங்களின் ஏடுகளில்தான் கிடைக்கிறது. பொருளியலார் பொதுப் பண்டம் என்று கூறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாது. பயன்படுத்துவோரிடம் விலை வாங்கவும் இயலாது. ஆதலின் சந்தை அதனை உற்பத்தி செய்யாது. சிலருடைய ஆர்வம் மட்டுமே அதனை உற்பத்தி செய்கிறது.

அந்த உற்பத்தி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் காண்போம். தில்லி வட்டாரத்தில் இன்று பல பறவை நோக்கர் குழுக்கள் உள்ளன. பெயர்கள் வேறாயினும் அவற்றின் ஆண்டு ஒன்றே; அது பருவங்களால் வகுக்கப்பட்டது.

அக்டோபரில் வாத்துகள் வரத் தொடங்குகின்றன. ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டையான அலகுடைய ஆண்டி வாத்து ஆகியவை மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை. திபெத்து, லடாக்கு, மங்கோலியா ஆகிய பகுதிகளின் உயர்நிலை ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வந்து சேர்கிறது. குளிர்காலம் முழுவதும் இவை ஏரிகளில் தங்குகின்றன. ஆண்டுப் பணியின் உச்சம் ஜனவரியில். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் கூட்டு முயற்சி இந்தியத் துணைக்கண்டத்தில் 1987ஆம் ஆண்டு முதல் அத்திங்களில் நடைபெற்று வருகிறது. விதிகள் எளியவை: ஆண்டுதோறும் அதே இடம், ஏறத்தாழ அதே வாரம், இனம்வாரியாக எண்ணிக்கை. ஆயினும் அவற்றைக் கடைப்பிடிப்பது எளிதன்று. பெருங்கூட்டமாக மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகள் நீர்ப்பரப்பில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்து, அந்த அளவைக் கொண்டு கூட்டத்தைக் கூறுகளாகப் பிரித்துப் பெருக்குவர். அனுபவமுடைய இருவர் தனித்தனியே எண்ணி, பின்னர் ஒப்பிடுவர். பனிமூட்டம் விலகக் காத்திருப்பதிலேயே பாதிக் காலை கழிந்துவிடுவதும் உண்டு.

மார்ச்சில் வாத்துகள் திரும்பத் தொடங்கும். இக்காலத்தில் தங்காமல் கடந்து செல்லும் பறவைகளே முதன்மை பெறுகின்றன. இலவ மரங்கள் பூத்து, மல்பெரி பழுக்கும் நாட்களில் சூறைக்குருவிகள் பெருங்கூட்டமாக இறங்கி உண்டு, வடமேற்கு நோக்கிச் செல்கின்றன. கோடையில் யமுனையில் நீர் வற்றி மணல் திட்டுகள் வெளிப்படுகின்றன. ஆற்று ஆலாக்கள் அம்மணலில் சிறு குழி பறித்து முட்டையிடுகின்றன. அதே மணலில்தான் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிடப்படுகின்றன. நாய்களும் அங்கே திரிகின்றன. வெயிலுக்கு அஞ்சி நோக்கர்கள் வீட்டிலிருக்கும் இப்பருவத்தில்தான் கண்காணிப்பு மிகுதியும் தேவைப்படுகிறது. இது இக்குழுக்களின் குறைகளுள் ஒன்று.

ஜூன் இறுதியில் பருவமழையை ஒட்டிச் சுடலைக் குயில் வந்து சேர்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வரும் இப்பறவை முதன்முதலில் காணப்பட்ட நாளை ஆண்டுதோறும் குறித்து வைப்பது நோக்கர்களின் நெடுநாள் வழக்கம். ஆகஸ்டில் தில்லி உயிரியல் பூங்காவில் ஒரு விந்தை நிகழ்கிறது. 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பூங்காவின் குளத்துத் தீவுகளிலுள்ள மரங்களில், கூண்டில் அடைக்கப்படாத காட்டு மஞ்சள்மூக்கு நாரைகள் 1960 முதல் கூடு கட்டி வருகின்றன. அவற்றை யாரும் கொண்டுவரவில்லை. கூட்டுக்கு இடம் பூங்காவில். குஞ்சுகளுக்கு மீனோ யமுனையிலும் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும். அந்நீர்நிலைகள் கெட்டால் பூங்காவின் வேலி நாரைகளைக் காப்பாற்றாது. இக்கருத்து பின்னரும் தேவைப்படும்.

குறிப்பேட்டில் மற்றொரு வகைப் பதிவும் உண்டு. ஒரு பறவை காணப்படவில்லை என்று எழுதுவதே அது. வருகையை எழுதுவதில் மகிழ்ச்சி உண்டு. வராமையை எழுதுவதற்குக் கட்டுப்பாடு வேண்டும். தில்லி நோக்கர்கள் குளிர்காலத்தில் தவறாது செல்லும் இடம் ராஜஸ்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் ஏரிப்பகுதி. அங்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் ஆண்டுக்காண்டு குறைந்து, 2001-02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டுமே வந்தது. அதன் பின் வரவில்லை. முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கைகள் எழுதப்பட்டிராவிடில், எப்போது, எவ்வளவு விரைவில் அவை குறைந்தன என்பதைக் கூற இயலாது.

இனி, ஏட்டில் எழுதப்பட்டவை கோப்பிற்குச் சென்ற கதை.

தில்லி வட்டாரத்தில் பல ஆண்டுகள் பறவைகளை நோக்கிய உஷா கங்கூலி 1970ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொகுத்து வைத்த குறிப்புகள், தில்லி வட்டாரப் பறவைகளைப் பற்றிய கையேடாக 1975ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தால் வெளியிடப்பட்டன. எந்தப் பறவை, எந்தத் திங்களில், எந்த நீர்நிலையில் என்ற விவரங்கள் அதில் உள்ளதால், இன்றைய நிலையை ஒப்பிட விரும்புவோர் இன்றும் அந்நூலைத் தேடுகின்றனர். அரசு நிறுவனம் ஒன்று ஆர்வலர் ஒருவரின் குறிப்புகளை நூலாக்கியது நற்செயல். இத்தகையவை பிற்காலத்தில் மிகுதியாக நிகழவில்லை.

சங்கத்தின் செயலாளராயிருந்தவர் பீட்டர் ஜாக்சன். ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் தில்லிச் செய்தியாளர். குர்கானிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள சுல்தான்பூர் ஏரிக்கு அவரும் நண்பர்களும் ஆண்டுதோறும் சென்று வந்தனர். ஏரி என்று சொல்லத்தக்க ஆழம் அதற்கு இல்லை. மழைக்காலத்தில் நீர் பரவிக் கோடையில் வற்றும் பள்ளம் அது. சுற்றிலும் உவர் நிலம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அங்குள்ள உவர்நீர்க் கிணறுகளிலிருந்து உப்பு எடுக்கப்பட்டது. வருவாய்த் துறையின் கண்ணில் அது பெரிதும் பயனற்ற நிலம். நோக்கர்களின் ஏட்டிலோ அது வட இந்தியாவின் சிறந்த குளிர்காலப் பறவைத் தங்கிடங்களுள் ஒன்று. 1969ஆம் ஆண்டில் ஜாக்சன், அவ்வேரியைச் சரணாலயமாக்க வேண்டும் எனப் பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். பிரதமரே ஒரு காலத்தில் அச்சங்கத்தில் இருந்தவர், கடிதம் கவனிக்கப்பட்டது. ஹரியானா அரசு 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் சுல்தான்பூரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது. 1991ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா என்ற நிலையும், 2021ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற நிலையும் அதற்குக் கிட்டின.

இதனைச் செல்வாக்கின் வெற்றி என்று மட்டும் கொள்வது சரியன்று. பிரதமருக்குக் கடிதம் எழுதுவோர் பலர். அக்கடிதத்தின் பின்னால் பல குளிர்காலங்களின் எண்ணிக்கை இருந்தது. மறுக்க விரும்பியவருக்கும் மறுப்பதற்குச் சான்று இல்லை.

ஆயினும் சுல்தான்பூரின் பிற்கால வரலாறு நிருவாகத்திற்கு ஒரு கடினமான வினாவை எழுப்புகிறது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1.43 சதுர கி.மீ. சுற்றி வேலி எழுப்பப்பட்டது. நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதற்காக நீரினுள் மண்மேடுகள் அமைத்துக் கருவேல மரங்கள் நடப்பட்டன. இவை நன்கு பயனளித்தன. ஆனால் நீர் வேலிக்கு வெளியிலிருந்து வரவேண்டியது. ராஜஸ்தானத்தின் ஆரவல்லிக் குன்றுகளில் தோன்றும் சாகிபி ஆறு பெருமழை ஆண்டுகளில் நஜஃப்கர் தாழ்நிலத்தில் பரந்து தேங்கியது. அவ்வெள்ளப் பரப்பு 200 சதுர கி.மீ.க்கும் மேல் விரிந்த ஆண்டுகள் உண்டு. சுல்தான்பூர்ப் பள்ளம் அவ்வெள்ளப் பரப்போடு தொடர்புடையது. 1964ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் ஏற்பட்ட வெள்ளங்களுக்குப் பின் நஜஃப்கர் வடிகால் அகலமாக்கப்பட்டு, நீர் விரைந்து யமுனைக்கு வெளியேற்றப்பட்டது. வெள்ளத்தால் இழப்புற்ற சிற்றூர்களையும் வளர்ந்துவந்த தலைநகரையும் எண்ணினால் அம்முடிவைக் குறை கூற இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது. வடிகால் கோப்பு ஒரு துறையில், சரணாலயக் கோப்பு மற்றொரு துறையில், ஆறு பாய்வது மூன்று ஆட்சிப் பகுதிகளில். ஒரு கோப்பில் ஏரி காக்கப்பட்ட காலத்திலேயே மற்றொரு கோப்பில் அதன் நீர் வடிக்கப்பட்டது. இன்று பூங்காவின் நீர்ப்பரப்பு பெரிதும் கால்வாய் நீரையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியுள்ளது. ஒரு முறை செலவிட்டு எழுப்பும் வேலி மலிவானது. ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கும் நீர் மலிவானதன்று. பறவைகளின் குடிநீரும் குர்கானின் குடிநீரும் போட்டியிடும் நிலை ஏற்பட்டால் எது வெல்லும் என்பதை ஊகிக்கப் பொருளியல் பயிற்சி தேவையில்லை.

சுல்தான்பூருக்கு அறிவிக்கையாவது கிட்டியது. அதே வட்டாரத்திலுள்ள பசாய் ஈரநிலத்திற்கு அதுவும் கிட்டவில்லை. நகரின் ஓரத்தில் கசிவுநீரும் கழிவுநீரும் தேங்கி உருவான அச்சதுப்பு நிலத்தில் நோக்கர்கள் நீண்ட பறவைப் பட்டியலைத் தொகுத்தனர். பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு அதனை முக்கியப் பறவைப் பகுதியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அரசின் ஏட்டில் அது ஈரநிலமன்று. அதனருகே கட்டட இடிபாட்டுக் கழிவுகளைப் பதனிடும் ஆலை அமைக்கப்பட முற்பட்டபோது ஆர்வலர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். கட்டுமானங்களும் சாலையும் நெருங்க, நீர்ப்பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. சான்றில் இவ்விரு நிலங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை, வேறுபாடு காலத்தில். ஒன்றில் திட்டம் வரைவதற்கு முன்பே சான்று மேசைக்கு வந்தது. மற்றொன்றில் பணி தொடங்கிய பின் வழக்கு மன்றத்திற்கு வந்தது.

குறிப்பேடுகளின் மதிப்பைப் பணத்தால் அளக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1883ஆம் ஆண்டில் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய சங்கமே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். அதன் ஆய்வாளர்கள் 1980களின் நடுவில் பரத்பூரில் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, எண்ணி வைத்திருந்தனர். அக்காலத்தில் அவை எங்கும் காணப்பட்ட பறவைகள்; அவற்றை எண்ணுவதே வீண் வேலையாகப் பலருக்குத் தோன்றியிருக்கும். 1990களின் பிற்பகுதியில் மீண்டும் எண்ணியபோது பேரளவான வீழ்ச்சி வெளிப்பட்டது. முதல் கணக்கு இல்லையேல் இரண்டாவது கணக்கிற்குப் பொருளே இல்லை. நாடு முழுவதிலும் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே நூற்றுக்கு 99க்கும் மேல் அழிந்தன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. 2006ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அது தடை செய்யப்பட்டது. பாறுகள் மறைந்தபின் அகற்றப்படாத பிணங்கள், பெருகிய நாய்கள், மாசுற்ற நீர் ஆகியவற்றால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டதாக 2024ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. மதிப்பீட்டு முறையைப் பற்றி விவாதிக்கலாம். இழப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. எச்சரிக்கையைத் தந்தது கழுகை எண்ணிய சிலருடைய ஏடு.

இவ்வளவு கூறிய பின், ஆர்வலர் குழுக்களின் குறைகளையும் மறைக்கலாகாது. அரிய பறவையைக் காணும் ஆவல் அவர்களிடம் மிகுதி. சாதாரணப் பறவையை எண்ணும் பொறுமை குறைவு. சிட்டுக்குருவி 2012ஆம் ஆண்டில் தில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஐம்பதாண்டுகளில் தில்லியின் எந்தெந்தப் பகுதிகளில் அது எந்த அளவில் இருந்தது என்று கேட்டால் விடை கூறுவது கடினம்; எங்கும் இருந்ததால் எவரும் முறையாக எண்ணவில்லை. இக்குறை இப்போது ஓரளவு நீங்கி வருகிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட நோக்கர்கள் அளித்த சுமார் 3 கோடிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. காக்கையையும் மைனாவையும் சேர்த்து எழுதிய முழுப் பட்டியல்களே அதற்கு அடித்தளம். உலகில் எந்த அரசும் இத்தனை பேரைச் சம்பளத்திற்கு அமர்த்தி இத்தகைய கணக்கெடுப்பை நடத்த முடியாது.

மற்றொரு குறை இதனினும் கடுமையானது. நோக்கர்கள் நகரத்தவர், ஏரிக்கரையில் வாழ்பவர்கள் உழவரும் கால்நடை வளர்ப்போரும். வரித்தலை வாத்து பகலில் ஏரியில் ஓய்வெடுத்து, அந்தியில் இளங்கோதுமைப் பயிரில் மேய்கிறது. காட்சி இன்பம் ஒருவருக்கு, பயிரிழப்பு மற்றவருக்கு. பரத்பூரில் 1982ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவினுள் மேய்ச்சல் தடை செய்யப்பட்டபோது கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிற்றூர் மக்கள் உயிரிழந்தனர். எருமைகள் ஈரநிலத்தைக் கெடுக்கின்றன என்பது அன்றைய கருத்து. பம்பாய்ச் சங்கம் அங்கு நடத்திய பத்தாண்டு ஆய்வோ, எருமைகள் நீங்கியபின் புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது எனவும், அதனால் மீனும் பறவையும் பாதிப்புற்றன எனவும் கண்டது. மேய்ப்பவர்களிடம் முன்பே கேட்டிருந்தால் இதனை அவர்கள் கூறியிருக்கக்கூடும். பரத்பூரிலேயே பிற்காலத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் பறவைகளை அடையாளங்காணப் பழகி வழிகாட்டிகளாக மாறினர். தில்லியிலிருந்து வரும் படித்தவர்களுக்குப் பறவையின் பெயரைத் திருத்திச் சொல்லும் ரிக்‌ஷா ஓட்டுநர் அங்கு அரியவர் அல்லர். உள்ளூர் வருவாயும் உள்ளூர் அறிவும் இவ்வாறு இணையும் இடங்களில் சங்கத்தின் பணி வேரூன்றுகிறது.

இளைஞர்களின் பங்கும் நினைவுகூரத்தக்கது. தில்லியின் முகடு எனப்படும் ஆரவல்லிக் காட்டில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1979ஆம் ஆண்டில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் திரண்டனர். கல்பவிருட்சம் என்னும் அமைப்பு அதிலிருந்து பிறந்தது. எதிர்ப்போடு நில்லாமல் அவர்கள் காட்டினுள் நடந்து மரம், பறவை, ஆக்கிரமிப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்தனர். முகட்டில் 7,777 ஹெக்டேர் பரப்பு 1994ஆம் ஆண்டில் காப்புக் காடாக அறிவிக்கப்படுவதற்குப் பல தரப்பினர் பாடுபட்டனர். அவர்களுள் இம்மாணவர்களும் அடங்குவர்.

அலுவலர்கள் செய்யக்கூடியது என்ன? புதிய துறையோ பெரிய மானியமோ இதற்குத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளின்படி, மாநில ஈரநில ஆணையங்கள் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு சுருக்க ஆவணம் தயாரிக்க வேண்டும். விண்வெளித் துறையின் வரைபடத் தொகுப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களாக நாடெங்கும் 2,01,503 நிலங்களைக் காட்டியுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் ஆவணத்தை எழுத வேண்டிய மாவட்ட அலுவலர், அந்நிலத்தைக் கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டு, உலர்ந்த தரை என்று எழுதிவிடக்கூடும். ஜனவரியில் அங்கு என்ன இருந்தது என்பதை அறிந்தவர் உள்ளூர்ப் பறவை நோக்கர். ஆவணி மழையில் நீர் எதுவரை ஏறும் என்பதை அறிந்தவர் கரையில் மாடு மேய்ப்பவர். அவ்விருவருடைய கூற்றும் வரைவு நிலையிலேயே ஆவணத்தில் இடம் பெற வேண்டும். அவ்விதிகள் நீர்நிலையின் எல்லையோடு அதன் நீர்வரத்துப் பகுதியையும் வரையறுக்கச் சொல்கின்றன. சுல்தான்பூருக்கு 1971ஆம் ஆண்டில் எல்லை வரையப்பட்டபோது அத்தகைய விதி இல்லை. இன்று அது உள்ளது. அப்பகுதிக்கான பத்தியை நிரப்பாமல் விட்டுவிடும் ஆவணங்களை ஆணையங்கள் திருப்பியனுப்பலாம்.